கத்திப் பூணும் ஹீத்தின் எஃகும்

கைவினைப் பொருள்களின் வரலாற்றை எழுதுவோர் அவற்றின் பெயர்பெற்ற உறுப்புகளையே பெரிதும் நோக்குவர். கத்தியின் வரலாறு எழுதப்படுமிடத்து அலகின் கூர்மையும் எஃகின் தரமும் முதலிடம் பெறும். பிடியின் தந்தமும் கொம்பும் அடுத்து வரும். அலகும் பிடியும் கூடுமிடத்தில் அமைந்த சிறு உலோகப் பகுதியோ ஓரிரு சொற்களில் கடந்து செல்லப்படும். ஆங்கிலேயர் அதனைப் 'போல்ஸ்டர்' என்பர். தலைக்கு வைக்கும் திண்டினைக் குறிக்கும் சொல்லே அஃது. அதனை இக்கட்டுரையில் 'பூண்' என்றே வழங்குவோம். இங்கிலாந்து நாட்டு ஷெஃபீல்டு நகரில் செய்யப்பட்ட உணவுமேசைக் கத்தியின் பூணை எடுத்துக்கொண்டு, அவ்வொட்டிடம் விதித்த நிபந்தனை எஃகுத் தொழிலின் போக்கினையே ஒருகால் எவ்வாறு மாற்றிற்று என்று காட்டுதல் நம் நோக்கம். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பாரின் பிற்கால வாழ்க்கை இப்பூணோடு பிணைந்து கிடத்தலின், தமிழ்நாட்டு வரலாறு பயில்வார்க்கும் இதன்கண் கருதத்தக்கது ஒன்று உண்டு.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பூண் என்பதற்கு அணிகலன் என்றும், உலக்கை முதலியவற்றின் முனையிற் செறிக்கும் உலோக வளையம் என்றும் அகராதிகள் பொருள் தரும். யானைக்கோட்டிற்கு இடும் பூணுக்குக் கிம்புரி என்ற தனிப்பெயரும் உண்டு. உலக்கைப்பூண் மரம் பிளவுபடாமற் காப்பது. அரிவாளின் மரப்பிடிக்கு வாய்ப்புறத்தே இடும் இரும்பு வளையமும் அத்தொழிலே செய்வது. இவற்றை அணி என்று மட்டும் கொள்வார் அவற்றின் தொழிலை மறந்தவராவர். ஷெஃபீல்டுப் பூண் இவற்றினின்றும் ஓராற்றான் வேறுபடும். நம் அரிவாட்பூண் பிடியைச் சூழ்ந்து நிற்பது. அவர்தம் பூண் அலகின் உடலோடு ஒன்றி நின்று, பிடியின் வாயை எதிர்கொண்டு தாங்குவது. வளையம் அன்று, தோள் என்னலாம். ஆயினும் பிளவு காத்தலும் பொருத்து மறைத்தலும் இரண்டற்கும் பொதுவாகலின் அப்பெயரை இதற்கும் விரித்து வழங்குதல் பொருந்தும் என்று கருதுகின்றோம்.

அலகினைப் பிடியோடு சேர்த்தற்கு இருவழிகள் தொன்றுதொட்டு உள்ளன. அலகின் பின்புறத்தை மெல்லிய முளையாக நீட்டி அதனைப் பிடியின் துளைக்குள் செலுத்துவது ஒன்று. பின்புறத்தைப் பிடியின் அகலத்திற்கே தகடாக விட்டு, இருமருங்கும் மரத்துண்டோ கொம்புத்துண்டோ வைத்துத் தறையாணி அடித்து இறுக்குவது மற்றொன்று. இரண்டிலும் தொல்லை தருவது ஒரே இடந்தான். அலகு பிடிக்குள் புகும் வாயில் நீர் புகும். புகுந்த நீர் இரும்பைத் துருவேற்றும். துரு தான் தோன்றிய இரும்பினும் மிக்க இடம் கொள்வதாகலின் பிடியை உள்ளிருந்தே பிளக்கும். வெட்டும்போது கையின் விசையெல்லாம் அலகிற்குச் செல்வதும் அவ்விடத்தின் வழியேயாம். அங்கே தடித்த உலோகத்தோள் ஒன்று அமையுமாயின் விசை பரவும், வாய் மூடும், கத்தியின் எடை நடுவே நிற்கும், விரலும் அலகின்மேல் வழுக்காது. இத்தகைய பூண் அமைந்த கத்திகள் இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் பரவலாயின.

தகட்டு முளையுடைய கத்திக்குப் பூண் தனித்துண்டாகச் செய்து சேர்க்கப்படும். இம்முறை இன்றும் கையாற் கத்தி செய்வாரிடத்து அவ்வாறே உள்ளது. பித்தளையிலோ வெண்பித்தளையிலோ இரும்பிலோ இரு துண்டுகளை ஒன்றாகப் பிணைத்து அரத்தால் ஒரே வடிவாக்குவர். இல்லையேல் முடிந்த கத்தியில் ஒரு பூண் முன்னும் ஒரு பூண் பின்னுமாக நிற்கும். துளைகளையும் அவ்வாறே ஒருங்கு இடுவர். அலகினை நோக்கும் முன்முகத்தைப் பொருத்துமுன்னரே மெருகேற்றி முடித்தல் வேண்டும். பொருத்தியபின் அம்முகத்திற்கு அரம் செல்லின் அலகில் கீறல் விழும். பின்பு பூணின் உலோகத்தாலேயே ஆகிய ஆணியைத் துளையிற் செலுத்தி இருதலையும் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பரப்புவர். துளையின் வாய் சிறிது அகன்றிருத்தல் வேண்டும். தட்டப்பட்ட ஆணித்தலை அவ்வகலத்தை நிரப்பிக்கொள்ளும். மேலே எஞ்சியதை அரத்தால் தேய்த்துப் பூணோடு சமமாக்கி மெருகிட்டால் ஆணி இருந்த இடமே கண்ணுக்குத் தோன்றாது. ஆணி தோன்றுமாயின் வேலை செவ்விதன்று என்பது பட்டறை வழக்கு. சிலர் பற்றாசு இட்டும் பூணை ஒட்டுவர். ஆயின் துவைச்சல் பெற்ற அலகினை அதிக வெப்பத்தில் காட்டுதல் அதன் கடினத்தைக் கெடுக்கும் ஆகலின் அது பெரிதும் கவனம் வேண்டும் வேலை.

முளைக்கத்தியின் பூண் இங்ஙனம் பின்னர்ச் சேர்ப்பதன்று, அலகோடு உடன்பிறப்பது. ஷெஃபீல்டுத் தொழிலின் பெருமையும் தொல்லையும் இவ்விடத்தே தொடங்குகின்றன.

ஷெஃபீல்டு பழமையான கத்தித்தொழில் நகரம். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் தம் கதைத்தொகுதியில் ஆலைக்காரன் ஒருவன் வைத்திருந்த ஷெஃபீல்டுக் கத்தியைக் குறிப்பிடுகின்றார். 1624இல் பாராளுமன்றச் சட்டத்தால் ஹாலம்ஷயர் கத்தித்தொழிலாளர் குழுமம் அமைந்தது. அடிப்போர், சாணை பிடிப்போர், பிடி பொருத்துவோர் என வேலை மூவேறு கைகளிற் பிரிந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேசைக்கத்தி அடிக்கப்பட்ட முறையைப் பற்றிய செய்திகள் தெளிவாகக் கிடைக்கின்றன.

தலைக்கொல்லன் ஒருவனும் சம்மட்டி அடிப்போன் ஒருவனும் ஓருலையில் வேலை செய்வர். எஃகுக் கம்பியின் நுனியைக் காய்ச்சி அலகின் பருவடிவாக அடித்து வெட்டிக்கொள்வர். பின்பு ஏறத்தாழ அரை அங்குலச் சதுரமான தேனிரும்புக் கம்பியின் நுனியோடு அவ்வெஃகினைக் கொல்லுலை வெப்பத்திற் பற்றவைப்பர். பூணுக்கும் முளைக்கும் போதுமான இரும்பை மட்டும் விட்டு எஞ்சியதை வெட்டுவர். ஒட்டிய இடத்தை அடுத்துள்ள இரும்பினை மீண்டும் காய்ச்சிக் குழி அச்சு ஒன்றில் வைத்து, மேலச்சை அதன்மேல் நிறுத்திச் சம்மட்டியால் அடிப்பர். அவ்வடியில் இரும்பு திரண்டு அச்சின் குழியை நிரப்பிப் பூணாகும். எஞ்சிய இரும்பை நீட்டி முளையாக்குவர். அடுத்த காய்ச்சலில் அலகு தன் முழு வடிவம் பெறும். பின்பு செய்வோன் முத்திரை பதிக்கப்படும். அலகு செந்நிறமாகக் காய்ச்சப்பெற்று நீரில் தோய்க்கப்படும். நீலநிறம் தோன்றும் அளவிற்கு மீண்டும் காட்டப்பெற்றுத் துவைச்சல் முடியும்.

அலகும் பூணும் ஒரே உலோகமாயின் இத்துணை உழைப்பு வேண்டாவே எனின், அதற்குக் காரணங்கள் உள. எஃகு அக்காலத்தில் விலைமிக்கது. வெட்டாத பகுதிக்கு அதனைச் செலவிடுதல் வீண். அதனினும் பெரியது வேறொன்று. கரி மிகுந்த எஃகினால் முளையும் பூணும் அமைந்து, துவைச்சலின்போது அவையும் இறுகுமாயின், கத்தி கீழே விழுந்த அளவில் முளை ஒடியும். தேனிரும்பில் கரி மிகக் குறைவு, எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் அது இறுகாது, வளையுமேயன்றி ஒடியாது. இதனால் பூணை முடிக்கும் கைவினைஞனுக்கும் ஒரு பேறு உண்டு. அலகு இறுகிய பின்னரும் பூண் மென்மையாகவே இருத்தலின் அரம் அதன்மேல் நன்கு பற்றும். பிடி பொருத்துவோன் தந்தத்தின் வாயையும் பூணின் பின்முகத்தையும் ஒன்றோடொன்று வைத்து வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஒளி புகாதவரை அரத்தால் தேய்ப்பான். குங்கிலியம், செங்கற்பொடி முதலியன கலந்த மெழுகை உருக்கித் துளையில் நிரப்பி முளையைச் செலுத்துவான். நம் நாட்டுக் கொல்லர் வாளின் பிடிக்கு அரக்கு நிரப்புதலும் இம்முறையதே. குளிர்ந்தபின் பூணும் தந்தமும் கூடும் வரம்பின்மேல் நகத்தை ஓட்டினால் நகம் தடுக்கக்கூடாது. இறுதி மெருகு எமரிப்பொடி ஒட்டிய தோற்சக்கரத்தால் இடப்படும். எமரி என்பது குருந்தக்கல்லும் இரும்புக்கனியும் கலந்த பொருள். குருந்தம் என்னும் நம் சொல்லே 'கொரண்டம்' என ஐரோப்பிய மொழிகளிற் சென்று வழங்குகின்றது என்பதை மொழிநூலார் அறிவர். இம்மெருகு வேலை எளியோர் உயிரை உண்டது என்பதையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. உலர்சாணையில் எழுந்த கல்தூளும் உலோகத்தூளும் நுரையீரலிற் படிந்து, முள்கரண்டி தீட்டுவோர் இளமையிலேயே இறந்தனர். ஷெஃபீல்டு மருத்துவர் கால்வர்ட் ஹாலண்டு 1843இல் இதனை விரிவாக எழுதி வெளியிட்டார்.

பூண் இரும்பாகவும் அலகு எஃகாகவும் இருத்தல் இன்றியமையாதது எனின், அவ்விரண்டும் நன்கு ஒட்டுதலும் இன்றியமையாதது. எஃகு எத்துணை உயர்ந்ததாயினும் இரும்போடு ஒட்டாதாயின் மேசைக்கத்திக்கு உதவாது. இச்சிறு நிபந்தனையே நம் வரலாற்றின் அச்சாணி.

பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளி, 1740ஆம் ஆண்டளவில் ஷெஃபீல்டை அடுத்த ஹாண்ட்ஸ்வொர்த்தில், எஃகினை மூசையிலிட்டு முற்றும் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். அதற்குமுன் ஐரோப்பாவில் எஃகு என்பது இரும்புப்பாளத்தைக் கரிப்பொடியில் புதைத்து நாட்கணக்கில் காய்ச்சிப் பெறும் கொப்புள எஃகேயாம். அதனைக் கட்டுக்கட்டாக அடுக்கிக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கியது ஷியர் எஃகு. கம்பளி கத்தரிக்கும் பெருங்கத்தரிக்கு அது பயன்பட்டமையால் அப்பெயர் பெற்றது. ஷியர் எஃகு அடித்து ஒட்டியே பிறந்தது. ஆகலின் இரும்போடும் நன்கு ஒட்டும். ஹன்ட்ஸ்மனின் வார்ப்பெஃகோ சீர்மையிலும் கடினத்திலும் அதனை வென்றது. ஆனால் ஒட்டுதற்குரிய வெப்பத்தில் சம்மட்டியின்கீழ் நொறுங்கியது. எனவே சவரக்கத்தியும் பேனாக்கத்தியும் வார்ப்பெஃகால் ஆயின. அவை முழுதும் எஃகேயாகலின் ஒட்டவேண்டுவதில்லை. இரும்புப் பூணை வேண்டிய மேசைக்கத்தி மட்டும் ஏறக்குறைய நூறாண்டு ஷியர் எஃகிலேயே நின்றது. உயர்ந்த எஃகு ஒரே நகரில் அடுத்த தெருவில் உருக்கப்படவும், பெருந்தொகையாகச் செய்யப்பட்ட கத்திக்கு அது எட்டாமற் போனதற்குப் பூணே காரணம்.

ஹீத்தின் கதை இதற்கு வெகு தொலைவில், சேலத்தில் தொடங்குகின்றது. அவர் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் ஊழியர். சேலம் பகுதியில் வணிகப் பொறுப்பு வகித்தவர். கஞ்சமலையின் காந்தக்கல் இரும்புக்கனியும், நாட்டுக் கொல்லர் சிற்றுலைகளில் அதனை இரும்பாகவும் எஃகாகவும் ஆக்கிய திறமும் அவர் கருத்தைக் கவர்ந்தன. 1825இல் அவ்வேலைக்கு அரசின் இசைவு நாடிப் பின் ஊழியத்தை விட்டு விலகி, 1830இல் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் உலை அமைத்தார். சேலத்துக் கனி காவிரி வழியாகவும் கொள்ளிடம் வழியாகவும் படகில் கடற்கரைக்கு வந்தது. எரிபொருள் மரக்கரியே. 1833இல் கும்பினி ஒன்றும் அமைந்தது. மேலைக்கரையில் பேப்பூரிலும் உலை எழுந்தது. அரசு கடனுதவி செய்தும் தொழில் ஊதியம் தரவில்லை. உலைகளின் பசிக்குக் காடுகள் ஈடுகொடுக்க இயலாமை அதற்குப் பெருங்காரணம். 1860களில் பரங்கிப்பேட்டை உலை முற்றும் அணைந்தது. தமிழ்நாட்டில் ஹீத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இவ்வளவில் நிறுத்துவர்; தோற்றுப்போன முதலாளி ஒருவராகவே அவர் நம் நூல்களில் நிற்கின்றார். ஆங்கில எஃகு வரலாற்று நூல்களோ அவரை 1839இல் தொடங்கி, வழக்கில் அலைந்த காப்புரிமைக்காரராகக் காட்டும். ஒருவரையே இருவராகப் பிரித்துவைத்த இப்போக்கு சரியன்று.

1839ஆம் ஆண்டில் இருநிகழ்ச்சிகள் ஒருங்கு நேர்ந்தன. இந்திய இரும்பையும் எஃகையும் பற்றி ஹீத் எழுதிய கடிதம் அரசவை ஆசியக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. சேலத்துக் கொல்லர் எஃகு செய்த முறை அதில் விரிவாக உள்ளது. தேனிரும்புத் துண்டுகளைக் களிமண் மூசையிலிட்டு, உலர்ந்த ஆவாரஞ் சிறுவிறகைத் துண்டுதுண்டாக வெட்டி உடனிட்டு, எருக்கின் பச்சிலை ஒன்றிரண்டால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பர். உலர்ந்தபின் 20 முதல் 24 மூசைகளைச் சிற்றுலையில் வளைவாக அடுக்கிக் கரியால் மூடி, ஏறத்தாழ இரண்டரை மணிநேரம் துருத்தி ஊதுவர். ஆறியபின் மூசையை உடைத்து எடுக்கும் எஃகுவட்டு அரைப் பவுண்டு முதல் இரண்டு பவுண்டு எடை இருக்கும். ஐரோப்பியர் வியந்து பேசிய 'ஊட்ஸ்' இதுவே. கன்னடத்தின் 'உக்கு' அப்பெயராகத் திரிந்தது என்று பலர் கொள்வர். நம் 'உருக்கு' என்பதும் அதனோடு இனமானது. ஜார்ஜ் பியர்சன் 1795இல் இலண்டன் அரசவைக் கழகத்தில் அதனை ஆராய்ந்து எழுதியதும், ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் இலண்டன் கருவித்தொழிலாளரும் மைக்கேல் ஃபாரடேயும் அதனை ஒப்ப எஃகு செய்ய முயன்று 1820இலும் 1822இலும் கட்டுரைகள் வெளியிட்டதும் அறிஞர் அறிந்தனவே. மூடிய மூசையில் மரப்பொருளின் கரி இரும்பிற் கலப்பதே சேலத்து முறையின் உயிர்நாடி என்பதை ஹீத் நன்குணர்ந்து, இங்கிலாந்தில் அண்மையிற் புதுமை என்று காப்புரிமை பெற்ற முறைகளின் கருத்து இந்தியக் கொல்லரிடம் முன்னரே இருந்ததைச் சுட்டினார். ஆங்கில ஊழியர் ஒருவர் அக்காலத்தில் இவ்வாறு எழுதியது சிறப்பாகப் போற்றத்தக்கது.

மற்றை நிகழ்ச்சி, அவ்வாண்டு ஏப்ரலில் அவர் பெற்ற காப்புரிமை. எஃகினை உருக்கும் மூசையில் மாங்கனீசுக் கார்புரெட்டை நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு சேர்த்தால், மட்டமான பிரித்தானிய இரும்பிலிருந்தும் நல்ல வார்ப்பெஃகு கிடைக்கும் என்பது அதன் சாரம். அதுவரை ஷெஃபீல்டு தன் நல்ல எஃகிற்கு ஸ்வீடன் நாட்டு இரும்பையே நம்பியிருந்தது. அந்நாட்டு டானெமோராக் கனியில் மாங்கனீசு இயல்பாகவே கலந்திருத்தலும் இங்கு நினைக்கத்தக்கது. ஹீத்தின் எஃகிற்கு மற்றொரு தன்மை இருந்தது. அது தன்னோடும் தேனிரும்போடும் ஒட்டியது. ஹன்ட்ஸ்மன் காலமுதல் மூடிக்கிடந்த கதவு திறந்தது. வார்ப்பெஃகு அலகிற்கு இரும்புப் பூண் வாய்த்தது.

இதன் காரணத்தை இன்று எளிதிற் கூறலாம். இரும்பிற் கலந்துள்ள கந்தகம் இரும்போடு சேர்ந்து இரும்புச் சல்ஃபைடாகி, உலோக மணிகளின் எல்லைகளில் மெல்லிய படலமாகப் படியும். அஃது இரும்பின் உருகுநிலைக்கு மிகக் கீழான வெப்பத்திலேயே இளகிவிடும். ஒட்டுதற்குக் காய்ச்சும் வெப்பத்தில் எஃகு நொறுங்கியது அதனாலேதான். மாங்கனீசு உடனிருப்பின் கந்தகம் அதனையே நாடிச் சேரும். மாங்கனீசுச் சல்ஃபைடு அவ்வெப்பத்தில் இளகாது, படலமாகவும் பரவாது. உருகிய எஃகிலுள்ள உயிர்வளியையும் மாங்கனீசு அகற்றும். ஹீத் இவ்விளக்கத்தை அறிந்தவரல்லர்; பயனைக் கண்டார். சேலத்து மூசையே அவருக்கு மாங்கனீசைக் கற்பித்தது என்று பெருமிதத்தோடு கூறுவாரும் உண்டு. சேலத்து முறையில் மாங்கனீசு இடுதல் இல்லை ஆகலின் அக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. மூடிய மூசைக்குள் நிகழ்வனவற்றை உற்றுநோக்கும் பழக்கம் அவருக்குச் சேலத்தில் உண்டாயிற்று என்ற அளவிற் கொள்ளுதல் தகும்.

ஹீத்தின் துன்பம் ஒரு சொல்லில் பிறந்தது. மாங்கனீசுக் கார்புரெட்டைத் தனியே செய்து மூசையில் இடுதல் செலவு மிக்கது. மாங்கனீசின் கறுப்பு ஆக்சைடையும் கரிப்பொருளையும் நேரே மூசையில் இட்டால் அக்கார்புரெட்டு உள்ளேயே உண்டாகிவிடும் என்பதை ஹீத் காப்புரிமைக்குப் பின்னர் அறிந்தார். ஷெஃபீல்டில் தம் முகவராயிருந்த அன்வின் என்பாருக்கும் அதனைக் கூறினார். பின்பு அன்வின் அவரைவிட்டு விலகி அம்முறையிலேயே எஃகு செய்து விற்றார். பிறரும் அவ்வழிச் சென்றனர். ஹீத் வழக்குத் தொடுத்தார். ஹீத்தின் ஏட்டில் உள்ளது கார்புரெட்டு. தாம் இடுவதோ ஆக்சைடும் கரியும் என்பது அன்வின் வாதம். இரண்டின் விளைவும் ஒன்றே, மூசைக்குள் நிகழ்வதும் ஒன்றே என்பது ஹீத்தின் வாதம். எழுதப்பட்ட சொல் அதன் கூறுகளையும் உட்படுத்துமோ, எழுதியவன் எழுதிய காலத்தில் அறியாத பொருளுக்கு அச்சொல் செல்லுமோ என்பதே நீதிமன்றங்களின் முன்னின்ற வினா. உரையாசிரியர் வழக்குகளில் பழகிய நமக்கு இவ்வினா புதிதன்று. ஆயினும் இங்கே அதன் விடையில் ஒருவரது பிழைப்பு தொங்கி நின்றது.

1844இல் எக்ஸ்செக்கர் நீதிமன்றம் மீறல் இல்லை என்றது. 1852இல் மேல்முறையீட்டில் ஹீத் தரப்பு வென்றது. 1855இல் பிரபுக்கள் சபை அதனை மாற்றி அன்வினுக்குச் சார்பாக முடித்தது. நீதிபதிகள் பலரைக் கேட்டும் கருத்து ஒருமுகமாக அமையவில்லை. அதற்கு நான்கு ஆண்டுகட்கு முன்னரே, 1851இல், ஹீத் இறந்துவிட்டார். அவர் முறையினால் எஃகின் விலை இறங்கிப் பலர் செல்வராயினர். அவருக்குக் கிட்டியது வழக்குச் செலவே. தாமஸ் வெப்ஸ்டர் என்னும் வழக்கறிஞர் 1856இல் இவ்வழக்கின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அந்நூலின் தலைப்பு ஹீத்தைப் பிரித்தானிய இரும்பிலிருந்து ஒட்டத்தக்க வார்ப்பெஃகு செய்தலைக் கண்டு புகுத்தியவர் என்று குறிக்கின்றது. வார்ப்பெஃகைக் கண்டவர் என்று அது கூறவில்லை என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். 'ஒட்டத்தக்க' என்ற அடைமொழியிலேதான் பூண் ஒளிந்திருக்கின்றது. பின்வந்தோர் அவ்வடையை விடுத்து, மாங்கனீசு எஃகைத் தூய்மையாக்கிற்று என்று மட்டும் எழுதியதால், கத்தித்தொழிலுக்கு நேர்ந்த மாறுதல் கண்ணினின்றும் மறைந்தது.

மாறுதல் உடனே முற்றும் நிகழ்ந்தது என்பதன்று. ஷியர் எஃகின் பெயர் வாங்குவோர் உள்ளத்தில் நெடுநாள் நின்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் இறைச்சி அரியும் பெருங்கத்திகளில் 'இரட்டை ஷியர் எஃகு' என்று பெருமையாகப் பொறித்து விற்றனர். ஒட்டுவேலையின் நன்மை தீமையோ கொல்லன் கையைப் பொறுத்தது. வெப்பம் குறைந்தால் ஒட்டு உள்ளே வெற்றிடம் விடும். மிகுந்தால் எஃகின் கரி எரிந்துபோகும். நன்றாக ஒட்டிய கத்தியில் அவ்விடம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நீர்த்த அமிலத்தைப் பூசின் தெரியும்: எஃகுப்பக்கம் கறுக்கும், இரும்புப்பக்கம் வெளிறி நிற்கும்; பூணுக்கு முன்னே சிறிது தொலைவில் இரண்டற்கும் இடையே ஒரு கோடு தோன்றும். சிலவற்றில் அக்கோடு நேராகவும், சிலவற்றில் கொல்லன் சம்மட்டி சென்ற போக்கிற்கேற்பச் சாய்ந்தும் நாக்குப்போல் நீண்டும் காணப்படும். பழைய கத்திகளின் காலத்தையும் தரத்தையும் துணிவார் முத்திரையைப் படிப்பதோடு அமையாது இக்கோட்டையும் காணுதல் வேண்டும் என்பது நம் கருத்து. முத்திரை வணிகன் பெயரைச் சொல்லும். கோடு கொல்லன் கையைச் சொல்லும்.

1913இல் அதே ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்த துருவேறா எஃகினைக் கண்டார். துரு இல்லாதபோது தேனிரும்புப் பூணைத் தனியே ஒட்டுதற்குப் பொருளில்லை. பூணில் மட்டும் துரு படியுமே. அதன்பின் அலகும் பூணும் முளையும் ஒரே எஃகுத் துண்டினின்று பொறிச்சம்மட்டியின்கீழ் அச்சிலே எழுந்தன. அலகினை மட்டும் இறுக்கிப் பூணை மென்மையாக விட்டுவிடத் துவைச்சல் முறையும் திருந்தியது. அத்தகைய கத்தியின் பூண்மேல் அமிலம் பூசினால் கோடு ஒன்றும் தோன்றுவதில்லை.